எரியுதுங்க

ஊசிக் காதில் நூல் நுழையப்போகிற நேரம் பார்த்து விளக்கு அணைகிறது. டெய்லர் அக்கா தலையை நிமிர்த்துவதில்லை. பிடித்த ஊசியைப் பிடித்தபடி, நீட்டிய நூலை நீட்டியபடி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுகிறார். மூன்றுக்கு விளக்கு திரும்பி வருகிறது, நூல் நுழைகிறது. "போட்டுக் காட்டிட்டாரு" என்று தையல் மெஷினிடம் தகவல் சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்குகிறார்.

கவுனுக்கு அளவு கொடுக்க வந்து நாற்காலியில் காத்திருந்த பெண்மணிக்குத்தான் பேயறைந்த முகம். "கரண்ட் போயிட்டு வந்துச்சாக்கா?" என்கிறார்.

"கரண்ட் எங்கயும் போகல. எங்க வீட்டுக்காரர் வேலை பாக்கறாரு" என்கிறார் அக்கா.

அந்த வேலை என்னவென்றால், மூன்று வருஷத்துக்கு முன்புவரை வீட்டுக்காரர் ஃபியூஸ் கட்டி, மோட்டார் கழற்றி, நாலு பேரைப் போல ஒழுங்காக இருந்த எலெக்ட்ரீஷியன். மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனார். திரும்பி வந்தவர் வேறு ஆள். கண்ணாடிப் பலகை போல ஒரு சுவிட்ச் போர்டை விற்கக் கிளம்பினார், அதைத் தொட்டால் விளக்கு எரியும், தடவினால் ஃபேன் வேகம் மாறும், அதையெல்லாம் தொடாமலே போனில் இருந்தும் செய்யலாம், கடல் தாண்டிப் போனாலும் செய்யலாம். ஜனங்கள் நம்பினால்தானே? யார் வந்து முதல் ஆளாகத் தன் வீட்டுச் சுவரை உடைக்கக் கொடுப்பார்கள்? ஆகவே அவர் தன் வீட்டுச் சுவரையே உடைத்தார். இப்போது ஊரில் எவர் வீட்டு சோபாவில் போய் உட்கார்ந்தாலும் போனை எடுத்து, "பாருங்க, இங்கேருந்தே என் வீட்டு லைட்டைப் போடறேன்" என்று ஆரம்பிக்கிறார். போடுவது அங்கே, அணைவது இங்கே, தைத்துக்கொண்டிருக்கிற அக்காவின் தலைக்கு மேலே.

எரிந்ததை வாடிக்கையாளருக்குக் காட்ட முதலில் ஒரு கேமரா மாட்டினார். அன்று மத்தியானமே அக்கா அதன்மேல் பாதி தைத்த கவுனைத் தொங்கவிட்டார். "ஊர்ல இருக்கறவங்க எல்லாம் என் வீட்டுக் கூரையை வேடிக்கை பாக்கணும்னு என்ன தலையெழுத்து?" ஒரு மாதம் அந்தக் கேமரா கவுனின் உள்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டார்கள். கேமராவின் உத்தியோகம் அக்காவுக்கு வந்து சேர்ந்தது.

உத்தியோகம் இதுதான். போன் வரும். அக்கா எடுத்து மெஷின்மேல் வைப்பார். அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் வாடிக்கையாளர் குடும்பமே கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் போடுவதாகச் சொல்லிப் போடுவார். அக்கா நிமிர்ந்து பார்த்து, கோர்ட்டில் நிற்கிற குரலில் சாட்சி சொல்வார். "எரியுதுங்க." "அணைஞ்சிடுச்சுங்க." கண்ணால் கண்டதற்கு மேல் ஒரு எழுத்து வராது, ஒரு எழுத்து குறையவும் குறையாது. "ஃபேனை மூணுல வெச்சேன்னு சொன்னீங்க, இது ரெண்டுலதாங்க சுத்துது" என்று ஒருமுறை சொல்லி வீட்டுக்காரரை மறுபடி போனைத் தடவவைத்தார். ஆனால் அந்த வீட்டு அம்மாள், "இந்தப் பொம்பளை பொய் சொல்லல, இதையே மாட்டுங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்படியும் வீட்டுக்காரருக்கு ஆசை விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெல்லக் கேட்டார். "ஒரு அவசரத்துக்கு, எரியலைன்னாலும் எரியுதுன்னு சொல்லிவெச்சா நாக்கா தேஞ்சு போயிடும்?"

"எரியாத விளக்கை எரியுதுன்னு சொல்லிட்டு, அந்த விளக்கு கீழயே உக்காந்து நான் எப்படிங்க தைக்கிறது?" என்றார் அக்கா.

இத்தனை நாளில் அக்காவுக்கு விளக்கு ஒரு பாஷையாகப் படிந்துவிட்டது. போன் வராமல் விளக்கு மட்டும் ஒருமுறை கண்ணடித்தால், அந்த வீட்டில் இன்னும் டீ கொடுக்கவில்லை, சும்மா உட்கார்த்திவைத்திருக்கிறார்கள். ஃபேன் ஒன்றிலிருந்து ஐந்துவரை படிப்படியாக ஏறினால் வாடிக்கையாளர் மசிகிறார். அலங்கார விளக்கு ரோஸ் கலருக்கு மாறினால் வீட்டுக்கார அம்மாள் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துவிட்டார். எல்லாம் தாறுமாறாக ஆடினால் போன் குழந்தைகள் கைக்குப் போய்விட்டது, இனி பத்து நிமிஷத்துக்குத் தையலை மறந்துவிட வேண்டியதுதான். வீடு முழுவதும் ஒரே தட்டில் அணைந்தால் ஆர்டர் படிந்துவிட்டது. அக்கா இருட்டில் உட்கார்ந்தபடி, "அப்பாடா" என்று கழுத்தை நெட்டி முறிப்பார்.

தொல்லை என்று பார்த்தால் ஃபேன்தான் பெருந்தொல்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். வெட்டிப் போட்ட காலர் துண்டும் சட்டைக் கைத் துண்டும் எம்மாத்திரம்? எந்த நேரத்தில் ஐந்து விழும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அக்கா வீட்டில் ஒவ்வொரு துணிமேலும் ஒரு பாரம் இருக்கும். கத்தரிக்கோல், பொத்தான் டப்பா, துணி சுற்றிய அரைச் செங்கல், அப்புறம் வீட்டுக்காரர் ஊரெல்லாம் கழற்றிக் கொண்டுவந்த பழைய ஃபேன் ரெகுலேட்டர்கள் ஏழு. தண்ணீர் டம்ளரை வைத்தால்கூட அதன்கீழ் ஒரு துண்டுத் துணியைச் செருகித்தான் வைப்பார்.

அக்காவின் தம்பி ஒருவர் நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று பெட்டியோடு வந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹாலில் கண் அசந்தார். விளக்கு ரோஸ் ஆகி, பச்சையாகி, ஃபேன் நின்று, பிறகு பிய்த்துக்கொண்டு சுற்றியதும் எழுந்து உட்கார்ந்து, "அக்கா, இந்த வீட்டை யாருகிட்டயாவது காட்டுனீங்களா?" என்றார். "தினமும் நாலு பேருக்குக் காட்டிக்கிட்டுதான்டா இருக்காரு" என்றார் அக்கா. தம்பி சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

இவ்வளவு வித்தை தெரிந்த வீட்டில், தையல் மூலையில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில்தான் போன் சொல்வதை விளக்குக்குக் கொண்டுவருகிற நெட் பெட்டி. அயர்ன் பாக்ஸ் போட வேண்டுமென்றால் நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் செருகி, வேலை முடிந்ததும் மறுபடி மாற்ற வேண்டும். இன்னொரு பாயின்ட் வேண்டும் என்று அக்கா மூன்று வருஷமாகக் கேட்கிறார். "அது என்ன பெரிய வேலை, நாளைக்குப் போட்டுத் தரேன்" என்பது மூன்று வருஷத்துப் பதில். எலெக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

இத்தனை ஏச்சுக்கும் நடுவில் ஒரு நாள். காலையிலிருந்து விளக்கு ஆடவே இல்லை. பதினோரு மணிவரை அக்காவுக்கு சுகமாக இருந்தது. பன்னிரண்டுக்கு நிமிர்ந்து நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். ஒரு மணிக்கு ஒரு சட்டைப் பையை இரண்டு தடவை தைத்து இரண்டு தடவை பிரித்தார். ஏணிமேல் ஏறி இறங்குகிற மனுஷன் அல்லவா? போன் அடித்தால் அதுவும் போகவில்லை. சாயங்காலம் வாசலில் வந்து நின்றவர், போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றார். "நீங்க விழலையே?" என்று மட்டும் கேட்டுவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார்.

ஆனால் வீடு தன் கைக்குத் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் அதைவிடப் பெரிது. தான் அணைத்தால் மட்டும் அணைகிற விளக்கு, தான் போட்டால் மட்டும் சுற்றுகிற ஃபேன், இதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் முப்பத்தாறு வீடு உள்ள ஒரு பெரிய அடுக்குமாடியிலிருந்து வீட்டுக்காரருக்கு அழைப்பு வந்தது. முப்பத்தாறு வீட்டுக்கும் ஒரே ஆர்டர். அவர் அக்காவிடம் வந்து கைமேல் அடித்துச் சொன்னார். "இது மட்டும் படிஞ்சிட்டா தெருமுனைல ஒரு சின்னக் கடை எடுத்துடறேன். காட்டறது, ஆட்டறது எல்லாம் அங்கதான். நம்ம வீட்டுக்குப் பழைய டக்கு டக்கு சுவிட்சையே மாட்டித் தந்துடறேன்."

அக்கா எழுந்துபோய் துணியில் கோடு போடுகிற நீலச் சாக்பீஸை எடுத்தார். ஹால், சமையலறை, படுக்கையறை, தையல் மூலை என்று நாலு போர்டுக்கும் பக்கத்தில், சுவரிலேயே, ஒவ்வொரு குறுக்குக்கோடு போட்டார். துணியில் அப்படிப் போட்டால் இது வேண்டாத பகுதி, வெட்டிவிடு என்று அர்த்தம்.

காட்டவேண்டிய நாள் வந்தது. "பதினோரு மணிக்குக் கூப்பிடுவேன், பக்கத்துலயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொன்றுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று அக்கா நெட் பெட்டியைப் பிடுங்கி அயர்ன் பாக்ஸைச் செருகி, பள்ளி யூனிஃபார்ம் பாவாடைகளுக்கு மடிப்புத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கிற வசதிக்காகப் பாரங்களையெல்லாம் எடுத்துக் கீழே வைத்திருந்தார். பத்தரைக்கே போன் அடித்தது.

"அப்பார்ட்மென்ட் சங்கத்துல எல்லாரும் சீக்கிரமே வந்துட்டாங்க. ஹால் லைட்டைப் போடறேன், பாத்துச் சொல்லு" என்றார் வீட்டுக்காரர். குரலில் டை கட்டிய மரியாதை.

அக்கா நிமிர்ந்தார். விளக்கு எரியவில்லை. மூலையைப் பார்த்தார். நெட் பெட்டியில் வரிசையாக நாலு பச்சைப் புள்ளி இருக்க வேண்டிய இடம் கும்மிருட்டாக இருந்தது. பக்கத்தில் அயர்ன் பாக்ஸின் சிவப்பு விளக்கு மட்டும் ஜோராக எரிந்தது.

எரியவில்லை என்று சொன்னால் ஆர்டர் போயிற்று, கடை போயிற்று, சுவரில் போட்ட நாலு கோடும் வீண். எரியுது என்று சொன்னால் பொய். அக்கா இரண்டில் எதையும் செய்யவில்லை. அயர்ன் பாக்ஸைப் பிடுங்கி நெட் பெட்டியைச் செருகினார், இரண்டே எட்டில் ஹால் போர்டுக்குப் போய் விரலால் தொட்டார். விளக்கு எரிந்தது. நிமிர்ந்து, கண்ணால் கண்டு, அதன் பிறகுதான் சொன்னார்.

"எரியுதுங்க."

அந்தப் பக்கம், வீட்டுக்காரரின் போனில் லைன் கிடைக்காமல் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர் இந்தக் குரலைக் கேட்டு அப்படியே விழுங்கிவிட்டார். போன் பொய் சொல்லலாம், இவள் சொல்லமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். தெம்பு வந்துவிட்டது. "இப்ப ஃபேன், மூணாவது ஸ்பீடு."

அக்கா தொட்டுத் தடவினார். "மூணுல சுத்துதுங்க."

"சமையலறை லைட்டு."

அக்கா ஓடினார். "எரியுதுங்க" என்றபோது மூச்சு வாங்கியது. திரும்பும்போது நெட் பெட்டியில் ஒரு புள்ளி வந்திருந்தது. நாலும் வந்தால் பிழைத்தோம்.

அப்போதுதான் போனில் புதுக் குரல் கேட்டது. சங்கத்துச் செயலாளர் அம்மாள். முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் மேற்பார்வையாளராக நின்று, எத்தனையோ சட்டைக் கைக்குள்ளிருந்து எத்தனையோ துண்டுக் காகிதம் எடுத்தவர்.

"இங்க வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. அங்க எரியுதுன்னு பதில் வருது. அந்தம்மாவுக்கு ஏன் மூச்சு வாங்குது?" என்றார். "போனைக் குடுங்க. நான் அமுக்கறேன். எதை அமுக்கறேன்னு சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லக்கூடாது. அங்க என்ன நடக்குதுன்னு அவங்களே சொல்லட்டும்."

இரண்டாவது புள்ளி. அக்கா விரலை நீட்டியபடி ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்றார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. விளக்கா, ஃபேனா? வலது காலை ஹால் பக்கம் வைத்தார், எடுத்தார். மூன்றாவது புள்ளி.

"சொல்லுங்கம்மா, என்ன தெரியுது?"

அக்கா சுவரில் இருந்த நீலக் கோட்டைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"ஒண்ணும் நடக்கலீங்க" என்றார். "அயர்ன் பண்றதுக்கு நெட் பெட்டியைப் புடுங்கினது நான்தான். இவ்வளவு நேரம் நான்தான் ஓடி ஓடிக் கையால போட்டேன். எரிஞ்சதுன்னு சொன்னது பொய் இல்லீங்க, எரிஞ்சது. ஆனா அவரு போடல. அவருக்கு இது தெரியாது, அவரைத் தப்பா நினைக்காதீங்க. வீட்ல ஒரே ஒரு பிளக் பாயின்ட்டுங்க. மூணு வருஷமா கேக்கறேன்."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். வீட்டுக்காரர்தான். இருமலையே அடையாளம் தெரிந்தது.

நாலாவது புள்ளி எரிந்தது. செயலாளர் அம்மாள் பேச்சைக் கேட்டுக்கொண்டே அமுக்குவதை நிறுத்தாமல் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஃபேன் ஒரு உறுமு உறுமி ஐந்துக்குப் போனது. பாரம் இல்லாத துணிகள் எல்லாம் எழும்பின. அலங்கார விளக்கு ரோஸ் ஆனது. ஒரு பாவாடை அக்காவின் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குள்ளிருந்தே சாட்சி வந்தது.

"இப்ப ஃபேன் அஞ்சுல சுத்துதுங்க. ரோஸ் விளக்கு எரியுது, ஹால் விளக்கு அணைஞ்சிடுச்சு. துணியெல்லாம் பறக்குது. முகத்துல பாவாடை இருக்கறதால சமையலறை தெரியலீங்க, எடுத்துட்டுச் சொல்றேன். ம், அதுவும் அணைஞ்சிடுச்சுங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. செயலாளர் அம்மாள், அமுக்கியதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்தார். டிக் போடுகிற பேனாச் சத்தம்கூடக் கேட்டது.

"நாலுக்கு நாலு" என்றார். "நெட்டு இல்லாத அன்னைக்கு இருட்டுல உக்காரணுமோன்னுதான் எங்க ஆளுங்க ரெண்டு மாசமா பயந்துக்கிட்டு இருக்காங்க. கையால தொட்டாலும் எரியும்னு நீங்க ஓடியே காட்டிட்டீங்க. ஆர்டர் இவருக்குத்தான். ஆனா காப்பி அடிச்சது காப்பி அடிச்சதுதான். அதுக்குத் தண்டனையா வாட்ச்மேன் ரூமுக்கு ஒரு போர்டு சும்மா மாட்டித் தரணும்." பிறகு குரலை இறக்கிக் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். "தம்பி, முதல்ல அந்தம்மாவுக்கு ஒரு பிளக் பாயின்ட் போட்டுக் குடுங்க."

"நாளைக்கே போட்டுடறேங்க" என்றார் வீட்டுக்காரர்.

மாதம் ஒன்று ஆனது. தெருமுனையில் சின்னதாய்க் கடை வந்தது. காட்டுவது, ஆட்டுவது எல்லாம் அங்கே போயின. வீட்டில் போர்டு மாட்டியபடியே இருந்தாலும் விளக்கு இடிச்சபுளி மாதிரி அசையாமல் எரிந்தது. முதல் இரண்டு நாள் அக்காவுக்குச் சொர்க்கம். பாரத்தை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு மளமளவென்று தைத்துத் தள்ளினார். மூன்றாம் நாள் ஊசியில் நூல் கோக்கப் போனவர், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டு காத்திருந்தார். விளக்கு அணையவில்லை. நூலும் நுழையவில்லை.

கடைக்குப் போன் போட்டார். "யாராவது வந்தாங்களா?"

"காலைலேருந்து ரெண்டு பேர் வந்தாங்க. போட்டுக் காட்டினேன்."

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கண்ணு முன்னாடியே எரியுதே" என்றார் அவர்.

அக்கா போனை வைத்துவிட்டார். உத்தியோகத்திலிருந்து நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. சம்பளம் இல்லாத உத்தியோகம்தான், இருந்தாலும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரும் ஒரு பை நிறையப் பழைய சுவிட்சுமாக வாக்கை நிறைவேற்ற வந்து நின்றார். ஹால் போர்டைக் கழற்றிவிட்டுப் பழைய சுவிட்சை மாட்டினார். அக்கா அதை டக், டக் என்று பத்துத் தடவை போட்டு அணைத்துப் பார்த்தார். முகமெல்லாம் பல். சமையலறையிலும் டக், டக். படுக்கையறையிலும் டக், டக். "பிளக் பாயின்ட்?" என்று கேட்டார். "அது நாளைக்கு" என்றார் அவர்.

கடைசியாகத் தையல் மூலைக்கு வந்தார்கள். மெஷினுக்கு மேலே இருக்கிற ஒற்றை விளக்கின் போர்டு. பக்கத்தில் நீலக் குறுக்குக்கோடு. வீட்டுக்காரர் முதல் திருகாணியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க" என்றார் அக்கா.

கட்டைவிரலை நாக்கில் தொட்டு, சுவரில் இருந்த கோட்டை அழுத்தித் தேய்த்தார். முழுக்கப் போகிறவரை தேய்த்தார். பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்து, நூல் முனையைப் பல்லில் கடித்துக் கூராக்கி, ஊசியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் போனை எடுக்கட்டும் என்று காத்திருந்தார்.